ஆற்றோலைகள்: ஜொகூர் நீருரிமையின் வரலாறு

ஜொகூர் பாரு நகரின் வடமேற்கே அமைந்துள்ள தம்போய், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட ஊர். மேற்கே ஸ்கூடாய் ஆறு; கிழக்கே தெப்ராவ் ஆறு. இரண்டும் நெடுந்தொலைவு ஓடும் பேராறுகள் அல்ல. உள்நாட்டுக் குன்றுகளிலும் காடுகளிலும் பிறந்து, சிறிது தொலைவே நடந்து, ஜொகூர் நீரிணையில் கலந்துவிடுவன. நிலப்படத்தில் மெல்லிய கோடுகளாக மட்டுமே தோன்றும் இவ்வாறுகளைப் பற்றி நம் மாணவர்க்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று ஆசிரியர் ஒருவர் வினவக்கூடும். காவிரியின் நீளத்தையும் வைகையின் பெருமையையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவன், தன் பள்ளிக்கு அருகே ஓடும் ஆற்றின் பெயரை அறியாதிருப்பது நம் நாட்டில் புதுமையன்று. ஆயினும் அச்சிற்றாறுகளின் பெயர்கள் இரு நாடுகளின் சட்ட ஏடுகளில் இடம்பெற்றவை. 1961 செப்டம்பர் முதல் நாள் தொடங்கி 2011 ஆகஸ்டு 31 வரை, முழுமையாக ஐம்பது ஆண்டுகள், அவற்றின் நீரை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரின் கையில் இருந்தது. அவ்வுரிமை எவ்வாறு எழுதப்பட்டது, எவ்வாறு நின்றது, எவ்வாறு முடிந்தது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

நீருரிமையை எழுத்தில் வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளில், தானமளிக்கப்பட்ட ஊரார் ஆற்றிலிருந்து கால் வெட்டி நீர் பாய்ச்சிக்கொள்ளும் உரிமையும், அக்காலைப் பிறர் அடைக்கவோ இடையில் இறைக்கவோ கூடாது என்ற தடையும் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றொரு குழுவையே குறிப்பிடுகின்றன. உரிமையை வரையறுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஏரியைத் தூர்வாரிக் காப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுதிவைத்தார்கள். நீரைப் பெறும் உரிமையும் நீர்நிலையைப் பேணும் கடமையும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டன. இக்குறிப்பை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். ஜொகூர் ஆறுகளின் கதையில் இதற்கு மீண்டும் வருவோம்.

ஜொகூரிலும் ஆறு எழுத்தில் ஏறியது பழைய செய்தியே. 19-ஆம் நூற்றாண்டில் தெமெங்கோங் இப்ராகிம் சீனக் குடியேறிகளுக்கு ஆற்றங்கரை நிலங்களை ஒப்படைத்தபோது வழங்கிய ஆவணத்திற்குச் 'சூராட் சுங்கை' என்று பெயர். ஆற்றோலை என்று நாம் அதனைத் தமிழாக்கலாம். ஓலை பெற்றவர் 'காங்சூ', அதாவது ஆற்றுத் தலைவர். அவர் தங்கிய இடம் 'காங்கார்', அதாவது ஆற்றடி. மிளகும் காசுக்கட்டியும் விளைவித்து, குறிப்பிட்ட வரியைச் செலுத்தி, அவ்வாற்றின் இரு கரைகளையும் ஆண்டுகொள்ளலாம் என்பது ஏற்பாடு. இவ்வோலைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று 1844-இல் ஸ்கூடாய் ஆற்றுக்கு வழங்கப்பட்டது. தெப்ராவிலும் அக்காலத்திலேயே சீனர் குடியேற்றம் எழுந்தது. காங்கார் பூலாய் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அப்பழைய ஏற்பாட்டின் எச்சமாய் நிற்கிறது. 1917-இல் காங்சூ முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை ஆறு என்பது போக்குவரத்து வழி, நிலத்திற்கு எல்லை, வரிக்கு அளவுகோல். அதனுள் ஓடும் நீருக்கு எவரும் விலை பேசவில்லை.

நீருக்கு விலை பேசும் காலம் சிங்கப்பூரின் தாகத்தால் வந்தது. ஆறு என்று சொல்லத்தக்கது பெரிதாக இல்லாத தீவு அது. கப்பல்கள் பெருகின, மக்கள் பெருகினர், கிணறுகள் கெட்டன. 1857-இல் தான் கிம் செங் என்னும் சீன வணிகர் நகருக்கு நன்னீர் கொண்டுவருவதற்கென்றே 13,000 வெள்ளி கொடுத்தார். அப்பணம் திட்டக் கோளாறுகளில் கரைந்தது. இறுதியில் அவர் நினைவாக 1882-இல் ஒரு நீரூற்றுச் சிலை மட்டும் நிறுவப்பட்டது. நீர் கேட்டவருக்கு நீரூற்றுச் சிலை கிடைத்த வேடிக்கையை நகராட்சிகளின் வரலாறு பயில்வோர் மறக்கமாட்டார்கள். பின்னர்த் தீவின் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நீர்த்தேக்கங்கள் எழுந்தன. இன்று மெக்ரிட்சி, பியர்ஸ், சிலேத்தார் என அவை அறியப்படுகின்றன. மூன்றாவது 1920-இல் முடிந்தபோதே தீவுக்குள் இனி இடமில்லை என்பது பொறியாளர்களுக்குப் புலனாகிவிட்டது. அவர்கள் கண்கள் நீரிணைக்கு வடக்கே, பூலாய் மலைமேல் சென்றன.

1924-இல் ஜொகூர் கடற்பாலம் திறக்கப்பட்டது. சாலையும் இருப்புப்பாதையும் தீவை நிலத்தோடு இணைத்தன. அவற்றோடு நீர்க்குழாயும் செல்ல வழி பிறந்தது. 1927 டிசம்பர் 5-ஆம் நாள் ஜொகூர் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராட்சி ஆணையர்களும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். பூலாய் மலைப் பகுதியில் 2,100 ஏக்கர் நிலம் நகராட்சிக்குக் குத்தகையாயிற்று. வாடகை ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 30 காசு. மொத்தம் 630 வெள்ளி. அந்நிலத்து நீருக்குத் தனி விலை இல்லை. பதிலுக்கு ஜொகூர், நாளொன்றுக்கு 8 இலட்சம் கேலன் வரை தூய நீரை 1,000 கேலனுக்கு 25 காசு வீதம் நகராட்சியிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இவ்வுடன்படிக்கையை இன்று படிப்போர் சிலர் சினம் கொள்வர். ஆனால் அக்கால நிலையில் வைத்து நோக்குவதே வரலாற்று முறை. மலைச்சரிவில் விழும் மழை கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணை கட்டவும் வடிகட்டும் நிலையம் அமைக்கவும் குழாய் பதிக்கவும் வேண்டிய பணம் சிங்கப்பூரிடம் இருந்தது. வீணாகும் பொருளுக்கு வாடகையும், மலிவாகத் தூய நீரும் கிடைத்தன என்று ஜொகூர் கருதியிருக்க வேண்டும். சிங்கப்பூர் நகராட்சியின் வேலையாட்களுள் தமிழர் மிகப் பலர் என்பதும், அந்நாளில் ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் குடும்பங்கள் ஒரு பொதுக் குழாயடியை நம்பியே காலம் கழித்தன என்பதும் இவ்விடத்தில் சேர்த்து எண்ணத்தக்கவை. மலைநீர் ஒரு நகரத்தின் வீடுகளுக்குள் போயிற்று. மலையடியில் பால்மரம் சீவியவர்கள் வரிசையில் நின்றார்கள். உடன்படிக்கைகளில் இத்தகைய வரிசைகளுக்கு இடமில்லை.

பிறர் மண்ணிலிருந்து வரும் நீரை நம்பி வாழ்வதன் ஆபத்து 1942-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 31-ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. சப்பானியரைத் தடுக்கத் தகர்த்த அப்பாலத்தின்மேல்தான் தீவின் குடிநீர்க் குழாயும் கிடந்தது. இரண்டு வாரம் கழிந்து, பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தபோது, தளபதி பெர்சிவலின் முன்னிருந்த காரணங்களுள் நீர்ப் பஞ்சமும் ஒன்று. தீவின் உள்நீர்த்தேக்கங்கள் பகைவர் வசமாகியிருந்தன. குண்டுவீச்சில் நகரக் குழாய்கள் உடைந்து நீர் தெருவில் ஓடிற்று. அப்பாடத்தைச் சிங்கப்பூரை ஆண்டவர்கள் எவரும் பின்னர் மறந்ததாகத் தெரியவில்லை.

போருக்குப் பின் மக்கள் தொகை விரைந்து வளர்ந்தது. 1957 கணக்கெடுப்பில் சிங்கப்பூர் மக்கள் 14 இலட்சத்தைக் கடந்திருந்தனர். 1953-இல் தெப்ராவ் ஆற்றில் நீர் நிலையம் திறக்கப்பட்டும் போதவில்லை. இச்சூழலில்தான் 1961 செப்டம்பர் முதல் நாள், பழைய 1927 உடன்படிக்கைக்குப் பதிலாகப் புதியதொன்று எழுந்தது. ஒரு தரப்பு ஜொகூர் மாநில அரசு. மறு தரப்பு சிங்கப்பூர் நகர மன்றம். காலத்தைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு மே 27-ஆம் நாள்தான் துங்கு அப்துல் ரகுமான் மலேசியா என்னும் எண்ணத்தைப் பொதுமேடையில் வெளியிட்டிருந்தார். ஒரே நாடாகப் போகும் இரு பகுதிகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு என்ற மனநிலை இருபுறமும் நிலவியது. எல்லைக்கு அப்பால் வேறு நாடு இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்ட எழுத்தன்று அது.

பூலாய் மலை, தெப்ராவ் ஆறு, ஸ்கூடாய் ஆறு ஆகியவற்றில் குறிக்கப்பட்ட பகுதிகளின் நீர் முழுவதையும் எடுக்கவும் தேக்கவும் பயன்படுத்தவும், முழுமையானதும் பிறர்க்கு இடமற்றதுமான உரிமையை அவ்வுடன்படிக்கை சிங்கப்பூருக்கு வழங்கியது. காலவரை 50 ஆண்டுகள். விலை 1,000 கேலனுக்கு 3 காசு. 1,000 கேலன் என்பது 4,500 லிட்டருக்கு மேல். பெறப்படும் நீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வரை தூய்மை செய்து, 1,000 கேலனுக்கு 50 காசு வீதம் ஜொகூருக்குத் திரும்ப விற்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் விலை மறு ஆய்வுக்கு உட்படும்.

ஓராண்டு கழிந்து, 1962 செப்டம்பர் 29-இல் இன்னுமோர் உடன்படிக்கை. இம்முறை கோத்தா திங்கி வழியாக ஓடும் ஜொகூர் ஆறு, மாநிலத்தின் பேராறு. நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கும் உரிமை. காலவரை 99 ஆண்டுகள். அதாவது 2061 வரை. விலை அதே 3 காசு. ஜொகூருக்குத் திருப்பித் தரவேண்டிய தூய நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு; அதன் விலை அதே 50 காசு. மறு ஆய்வும் அதே இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்.

நம் வாசகருக்கு இங்கே முல்லைப் பெரியாறு நினைவுக்கு வருவது இயல்பு. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாணத்தின் சார்பில் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட குத்தகை அது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், காலவரை 999 ஆண்டுகள். 1895-இல் அணை முடிந்து மதுரைச் சீமை வயல்களுக்கு மேற்கே ஓடவிருந்த நீர் கிழக்கே திரும்பியது. 1970-இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 999 ஆண்டு என்று எழுதியவர்கள் தம் உரிமை கேள்விக்கு அப்பாற்பட்டது என்றே எண்ணியிருப்பார்கள். ஒரு நூற்றாண்டு கடப்பதற்குள் அணையின் உறுதி பற்றிய ஐயம் எழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே கழனிக்கு நீர். இங்கே குடிக்க நீர். வேறுபாடு பெரிதுதான். எனினும் எதிர்காலத்திற்கென்று எழுதப்படும் ஓலையில், எழுதியவர் காலத்து விலையும் எழுதியவர் காலத்து நம்பிக்கையுமே உறைந்து கிடக்கின்றன என்னும் உண்மை இரண்டுக்கும் பொது. 999 என்பதும் 99 என்பதும் 50 என்பதும் எண்கள் மட்டுமே. எவ்வளவு நெடிய காலத்திற்கு எழுதினாலும் எழுதும் கை அந்நாளைய கைதான்.

1963-இல் மலேசியா பிறந்தது. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. ஒரு நாட்டுக்குள் செய்யப்பட்ட ஏற்பாடு ஒரே நாளில் இரு நாடுகளுக்கு இடைப்பட்டதாயிற்று. பிரிவினை உடன்படிக்கையிலேயே 1961, 1962 நீர் உடன்படிக்கைகளுக்கு மலேசிய அரசு உறுதியளிக்கும் விதி சேர்க்கப்பட்டது. அவ்வாவணம் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் பதிவு செய்யப்பட்டது. சிங்கப்பூர் ஏன் இதில் அவ்வளவு கருத்தாயிருந்தது என்பதற்கு லீ குவான் இயூவின் நினைவுநூலில் விடை உண்டு. சிங்கப்பூர் தம் விருப்பத்திற்கு மாறாக நடந்தால் நீரை நிறுத்துவதாக அச்சுறுத்தி நெருக்கடி தரலாம் என்று துங்கு பிரிட்டிஷ் தூதரிடம் கூறியதாகத் தமக்குத் தெரிவிக்கப்பட்டது என்று அவர் எழுதியுள்ளார். அச்சொல் எவ்வளவு ஆழ்ந்து சொல்லப்பட்டது என்பது வேறு. கேட்டவர் அதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்பதே வரலாற்றுக்கு வேண்டியது.

இனி விலைக்கு வருவோம். இப்பகுதி சற்று விரிவாகச் சொல்லப்பட வேண்டும். ஏனெனில் இது ஒரு சொல்லின் பொருள் பற்றிய சிக்கல். சொல்லின் பொருளை ஆராய்வது தமிழாசிரியர் தொழில் அன்றோ?

பணத்தின் வாங்கும் ஆற்றல், கூலி, மின்னாற்றல், பொருள்களின் விலை ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தைக் கருதி, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் 'பின்' விலை மறு ஆய்வு செய்யப்படலாம் என்பது விதியின் சாரம். முதல் உடன்படிக்கைக்கு அந்த ஆண்டு 1986, இரண்டாவதற்கு 1987. அவ்விரு ஆண்டுகளிலும் மலேசியத் தரப்பு மறு ஆய்வு கோரவில்லை. சிங்கப்பூரிடம் தூய நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த ஜொகூர், வாங்கும் நீரின் விலையும் உயர்ந்துவிடும் என்று தயங்கியதே காரணம் எனப் பின்னாளில் சொல்லப்பட்டது. காலம் கடந்து கேட்டபோது வழக்கு தொடங்கியது. 'பின்' என்றால் அந்த ஆண்டு நிறைவில் என்று பொருள். கோரவேண்டிய நேரத்தில் கோராமையால் உரிமை போயிற்று என்பது சிங்கப்பூரின் வாதம். 'பின்' என்றால் இருபத்தைந்து ஆண்டு முடிந்தபின் எந்நாளும் என்று பொருள். உரிமை இன்றும் உயிரோடுள்ளது என்பது மலேசியாவின் வாதம். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் இரு நாட்டுத் தலைவர்களும் பலமுறை பேசினர். 2003-இல் இரு தரப்பும் தத்தம் நியாயத்தை அச்சிட்டு வெளியிட்டனவே தவிர முடிவு எட்டவில்லை. 2018-இல் மகாதீர் மீண்டும் பிரதமரானதும் 3 காசு விலையை மீண்டும் கண்டித்தார். ஓர் எழுத்து மிகையாகவோ குறையாகவோ இடம்பெறாத ஓரிடைச்சொல், அரை நூற்றாண்டு இரு அரசுகளைக் கட்டிவைத்திருக்கிறது.

எண்களைக் கூட்டிப் பார்ப்போம். 25 கோடி கேலனை முழுமையாக எடுத்தால் 3 காசு வீதம் ஜொகூருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 7,500 ரிங்கிட். விதிப்படி ஜொகூர் பெறவேண்டிய தூய நீர் நாளொன்றுக்கு 50 இலட்சம் கேலன். ஆனால் வேண்டுகோளின்பேரில் சிங்கப்பூர் 1 கோடியே 60 இலட்சம் கேலன் வழங்கி வந்துள்ளது. அதற்கு 50 காசு வீதம் ஜொகூர் தருவது நாளொன்றுக்கு 8,000 ரிங்கிட். கொடுத்த 25 கோடியின் விலையைக் காட்டிலும் திரும்பப் பெற்ற 1 கோடியே 60 இலட்சத்தின் விலை மிகுதி. இதைக் கேட்ட மாத்திரத்தில் ஏமாற்று என்று சொல்லத் தோன்றும். ஆயின் மறுபக்கமும் உண்டு. 1,000 கேலனைத் தூய்மை செய்யத் தமக்கு 2.40 ரிங்கிட் ஆகிறது, 50 காசுக்குக் கொடுப்பதில் நட்டம் தமக்கே என்கிறது சிங்கப்பூர். சுத்திகரிப்பு நிலையங்களையும் குழாய்களையும் தன் பணத்தில் கட்டி நடத்தியதும் அதுவே. இரண்டு விலைகளும் 1960-களில் உறைந்தவை. இரண்டும் பொய்யான விலைகள். இவற்றுள் எது பெரும் பொய் என்று வாதிடுவதில் செலவான ஆண்டுகளை எண்ணினால் வருத்தமே மிஞ்சுகிறது. எனக்குத் தோன்றுவது இது: ஜொகூர் இழந்த பெரும்பொருள் காசன்று. மலிந்த தூய நீர் கிடைத்துக்கொண்டிருந்தமையால், தானே தூய்மை செய்துகொள்ளும் வல்லமையை விரைந்து வளர்க்கவேண்டும் என்ற நெருக்கடி அதற்கு எழவில்லை. ஜொகூர் 2030-க்குள் தூய நீரில் தற்சார்பு அடையவேண்டும் என்ற இலக்கு 2018-இல்தான் பேசப்பட்டது.

ஓலையில் உரிமை இருந்தால் ஆற்றில் நீர் இருக்கும் என்பதில்லை. இதனைச் சிங்கப்பூர் முன்னரே உணர்ந்தது. ஜொகூர் ஆற்றில் நீரோட்டம் தணிந்தால் கீழ்ப்பகுதியில் கடலுப்பு ஏறிவரும். உப்பேறிய நீரை நிலையத்தில் எடுக்க இயலாது. ஆகவே மேற்பகுதியில், கிளையாறான லிங்கியூவில் அணை கட்டி மழைக்கால நீரைத் தேக்கி, வறண்ட காலத்தில் திறந்துவிட வேண்டும். 1988 சூன் 28-இல் மகாதீரும் லீ குவான் இயூவும் செய்துகொண்ட புரிந்துணர்வின்படி, 1990 நவம்பர் 24-இல் அதற்கான உடன்படிக்கை எழுந்தது. 21,600 ஹெக்டேர் நிலம். அந்நிலப் பயனையும் மரவருவாயையும் இழப்பதற்கு ஈடாக 32 கோடி ரிங்கிட். நிலத்திற்குத் தனிக் கட்டணமும் ஆண்டு வாடகையும் வேறு. 1927-இல் ஆண்டுக்கு 630 வெள்ளி வாடகையில் பூலாய் மலைச்சரிவைக் கொடுத்த அரசு, அறுபது ஆண்டுகளில் பேரம் பேசக் கற்றிருந்தது. அணையும் 1990-களின் நடுவில் முடிந்தது. ஆயினும் வானம் எவ்வுடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. 2016 அக்டோபரில் லிங்கியூ நீர்த்தேக்கம் தன் கொள்ளளவில் நூற்றுக்கு இருபது பங்கு அளவுக்கு வற்றியது.

இந்த இடைக்காலத்தில் சிங்கப்பூர் செய்த மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். 1961 உடன்படிக்கை முடியும் நாள் தெரிந்தே இருந்தது. அந்நாளைக் குறியாக வைத்து அது உழைத்தது. பயன்படுத்திய நீரை மீண்டும் தூய்மையாக்கும் 'நியூவாட்டர்' 2003-இல் வழக்கத்திற்கு வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2005-இல் தொடங்கியது. நகர் நடுவே கடல்வாயை மறித்து மெரினா தடுப்பணை 2008-இல் எழுந்தது. ஆகவே 2011 ஆகஸ்டு 31 வந்தபோது அந்த அரசு நீட்டிப்புக் கேட்டுக் கெஞ்சவில்லை. பூலாய் மலை, ஸ்கூடாய், தெப்ராவ் நிலையங்களை நல்ல நிலையில், விலையின்றி, ஜொகூரிடம் ஒப்படைத்துவிட்டு விலகியது. ஐம்பது ஆண்டு உரிமை என்பதை ஐம்பது ஆண்டு அவகாசம் என்று அது படித்தது. கையெழுத்திட்ட இருவருள் ஒருவர் எழுத்தை எவ்வாறு படித்தார் என்பதற்கு இது சான்று.

மற்றவர் எவ்வாறு படித்தார்? இக்கேள்வியைச் சிங்கப்பூர்மேல் குறைசொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அரை நூற்றாண்டு கழித்து நம் கைக்கு மீண்டுவந்த ஸ்கூடாயும் தெப்ராவும் 1961-இல் கொடுத்த ஆறுகளாக இல்லை. காடும் தோட்டமுமாயிருந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் பெரும்பகுதி குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியிருந்தது. 2006-இல் தொடங்கிய இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் அம்மாற்றத்தை மேலும் விரைவாக்கியது. தம்போயைச் சுற்றிலும் வீடமைப்புப் பகுதிகளும் பட்டறைகளும் நெருங்கின. கால்வாய்கள் எல்லாம் ஆற்றை நோக்கியே வெட்டப்பட்டன. மழை விழுந்தால் ஆறு செம்மண் நிறம். மழை நின்றால் கருமை. ஊரின் முதியவர் சிலர், தாம் சிறுவராயிருந்தபோது ஆற்றில் மீன்பிடித்ததையும் குளித்ததையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கும் பேரப்பிள்ளைகள் அதை நம்புவதில்லை. அவர்களைக் குறைசொல்வதற்கும் இல்லை. உத்தரமேரூரார் கல்லில் சேர்த்துப் பொறித்த இரண்டனுள், நீர் பெறும் உரிமையைப் பற்றி இங்கே பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. நீர்நிலையைப் பேணும் கடமைக்கு நம் பக்கத்தில் வாரியம் அமைந்ததாகச் சொல்ல இயலவில்லை.

இழப்பின் அளவு 2015-இல் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல், லாயாங் அணை நீர்மட்டம் தாழ்ந்தமையால், மாசாய், பாசிர் கூடாங் வட்டாரங்களிலும் ஜொகூர் பாருவின் ஒரு பகுதியிலும் மாதக்கணக்கில் நீர்ப்பங்கீடு நடைமுறையில் இருந்தது. மழைவளம் மிக்க நாட்டில், முறைவைத்துக் குழாய் திறக்கப்பட்டது. வாளிகளும் பீப்பாய்களும் வாசலில் அணிவகுத்தன. அந்நாள்களில் ஜொகூர் கேட்டுக்கொண்டபடி சிங்கப்பூர் கூடுதலாகத் தூய நீர் அனுப்பியது. நீர் கொடுத்த மாநிலம் நீர் கேட்க நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில், பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வட்டார ஆசிரியர்களுக்கு இதை நான் நினைவூட்ட வேண்டுவதில்லை; மாணவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்களே. கிம் கிம் குடிநீர் ஆறு அன்று. ஆனால் ஓர் ஆற்றுக்கு ஒரே இரவில் என்ன செய்துவிட முடியும் என்பதை அது காட்டிற்று. ஜொகூர் ஆற்றிலும் மாசு மிகுந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்திவைக்கப்பட்ட நாள்கள் உண்டு. அந்நாள்களில் 3 காசா 30 காசா என்ற வழக்குக்குப் பொருளே இல்லாமற் போகிறது. நஞ்சு கலந்த நீரை இரு நாடுகளும் குடிக்க முடியாது.

இப்போது ஜொகூரில் தரவு மையங்கள் என்னும் புதிய தொழிற்கூடங்கள் பெருகி வருகின்றன. கணிப்பொறிகளைக் குளிர்விக்க அவற்றுக்குப் பெருமளவு நீர் வேண்டும். மக்களுக்கு முதலா, பொறிகளுக்கு முதலா என்ற விவாதம் மாநிலத்தில் எழுந்துவிட்டது. காங்சூக்கள் மிளகுக்கும் காசுக்கட்டிக்குமாக ஆற்றோலை வாங்கிய காலம் நினைவுக்கு வருகிறது. பயிர் மாறியிருக்கிறது, ஆறு அதே ஆறு.

1962 உடன்படிக்கை 2061-இல் முடியும். இன்று தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் அமர்ந்திருக்கும் மாணவி அப்போது நாற்பத்தைந்து வயதை ஒட்டியிருப்பாள். ஆற்றோரத் தொழிற்சாலைக்கு அனுமதி வழங்கும் அதிகாரியாகவோ, புதிய ஓலையின் வாசகத்தை எழுதும் வழக்கறிஞராகவோ, குழாயைத் திறந்துவிட்டுக் காத்து நிற்கும் தாயாகவோ அவள் இருக்கலாம். தம்போயிலிருந்து பள்ளிப் பேருந்தில் போகும்போது ஸ்கூடாய்ப் பாலத்தை அவள் நாள்தோறும் கடக்கக்கூடும். கீழே ஓடுவது என்ன ஆறு என்று அவள் இதுவரை எவரையும் கேட்டிருக்கமாட்டாள். அடுத்த முறை வகுப்பில் ஆறுகளைப் பற்றிய பாடம் வரும்போது, காவிரிக்கு முன் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுத ஓர் ஆசிரியர் முன்வரலாம்.